எத்தனை குன்றிமணி மருந்து?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சு சீக்கிரமே ஒரு நம்பிக்கையில் வந்து நிற்கும்: மருந்தைக் கொஞ்சம் தாராளமாகக் கெட்டித்தால் குண்டு தூரம் போகும், பலமாகப் படும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அடுப்பில் விறகு கூடினால் அனல் கூடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? ஆனால் சின்ன விட்டமுள்ள குழலில், பக்கத்தில் இருக்கும் சின்ன இலக்கைச் சுடும்போது இந்த நம்பிக்கை ஏறக்குறைய எல்லா வகையிலும் தப்பு. அந்த இடத்தில் மருந்தைக் கூட்டிக் கிடைப்பது சொற்பம், இழப்பது அதிகம். சரியான அளவு என்பது குழல் தாங்கக்கூடிய உச்ச அளவு அல்ல. குண்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போய் விழுகிற, இலக்குக்குப் போதுமான, மிகக் குறைந்த அளவுதான் சரியான அளவு. அந்த அளவைக் கூட வாயால் சொல்லிவிட முடியாது. அந்தந்தத் துப்பாக்கியைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பதிவில் நான் வாதாடப் போவது இதற்காகத்தான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குழம்ப வேண்டாம். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1991இல் வந்த திருத்தமும் இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டையின் கதவை மூடிவிட்டன. முன்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியாக இருந்தாலும் 1959இன் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆக, சின்னக் குழலுக்கு அணில் வேட்டைக்கென்று மருந்து அளக்கும் கலை உயிரோடு இருப்பது அமெரிக்காவின் ஓக் காடுகளில். நம் முருங்கை மரத்தடியில் அல்ல. அங்கே உள்ள சாம்பல் அணில் அரைக் கிலோ எடைக்கு வரும், அதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நம் வீட்டுக் கூரையில் ஓடுகிற முதுகில் கோடு போட்ட அணில் நூறு கிராம் சுமாருக்கு இருந்தாலே அதிகம். ராமர் தடவிக்கொடுத்த முதுகு என்று சொல்லியே அதை விட்டுவிடுகிறவர்கள் நாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற மலையணிலுக்கென்றே 1988இல் சரணாலயம் அமைத்த மாநிலம் இது. அப்படியிருக்க, அமெரிக்க அணில் துப்பாக்கியை இங்கே ஏன் இழுக்க வேண்டும்? நம் ஊரில் உரிமத்தோடு இருக்கும் நாட்டுத் துப்பாக்கியும் அதுவும் ஒரே குடும்பம் என்பதால். எறையூர், மலையப்ப நகர் போன்ற இடங்களில் நரிக்குறவர் குடியிருப்புகள் இருக்கிற மாவட்டம் பெரம்பலூர். 2023 தொடக்கத்தில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்ட இந்தச் சமூகத்துக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிக்கும் உள்ள உறவு பல தலைமுறைப் பழக்கம். காட்டை ஒட்டிய விவசாயிகள் சிலரிடமும் உரிமத் துப்பாக்கி உண்டு. மருந்தளவு பற்றிய அறிவு அணிலுக்காகப் பிறந்திருக்கலாம். தேவைப்படுவது துப்பாக்கி இருக்கிற எல்லா இடத்திலும்.

அளவைப் பற்றிப் பேச அலகு வேண்டும். கரிமருந்தைப் பெரும்பாலும் ‘கிரெயின்’ கணக்கில் அளக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின்; ஒரு கிரெயின் 0.065 கிராம். நம் நகைக்கடைக் கணக்கில் சொன்னால், ஒரு குன்றிமணிக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிரெயின். அணில் வேட்டைக்கென்று பேர் போன பாயிண்ட் 32 குழலுக்கு, அதாவது எட்டு மில்லிமீட்டர் சுமார் விட்டமுள்ள, உள்ளே திருகு வரி போட்ட குழலுக்கு, 0.310 அங்குல ஈயக் குண்டு போடுவார்கள். அதன் எடை 45 கிரெயின், மூன்று கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. அதைத் தள்ளப் பலரும் கடைசியில் வந்து நிற்கும் மருந்தளவு 15 முதல் 25 கிரெயினுக்குள். அதாவது எட்டிலிருந்து பதின்மூன்று குன்றிமணி வரை. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும் அளவு. இந்த எண்கள் சோதனை முத்திரை பெற்ற இன்றைய எஃகுக் குழல்களுக்கானவை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எந்த இரும்பில், எந்தப் பட்டறையில் அடித்தது என்று தெரியாத பழைய குழலுக்கு இவற்றைக் கொண்டுபோய்ப் பொருத்துவது முட்டாள்தனம்.

மருந்து கூடினால் வேகம் எவ்வளவு கூடும் என்பதை ஊகமாக இல்லாமல் அளந்து பார்த்த முதல் ஆள் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். கனத்த மரக்கட்டை ஒன்றை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுட்டார். கட்டை பின்னால் எவ்வளவு நகர்ந்தது என்பதை அதோடு கட்டிய நாடா காட்டிக்கொடுக்கும். கட்டையின் எடையும் குண்டின் எடையும் தெரிந்தால் குண்டின் வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். 1742இல் அவர் வெளியிட்ட பீரங்கியியல் நூலை மூன்றே ஆண்டுகளில் ஆய்லர் என்ற மாபெரும் கணிதவியலாளர் ஜெர்மனில் பெயர்த்து உரையும் எழுதினார். இந்த ராபின்ஸுக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் சீரமைக்க வந்தவர், 1751 ஜூலையில் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். அதே 1751இல்தான் பெரம்பலூருக்கு வடக்கே வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிப் பக்கம், நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட இருவரில் முகமது அலியோடு சேர்ந்த ஆங்கிலேயரும் சந்தா சாகிபோடு சேர்ந்த பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். கரிமருந்தின் கணக்கை முதன்முதலில் போட்ட மனிதர் கடலூரில் கண்ணை மூடிய ஆண்டில், இந்த வறண்ட மேட்டில் கணக்கில்லாமல் மருந்து எரிந்துகொண்டிருந்தது. ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போகிறவர்கள் செல்பி எடுப்பதற்கு நடுவில் இதையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ராபின்ஸ் தொடங்கியதை சார்லஸ் ஹட்டன் என்ற ஆங்கிலக் கணிதவியலாளர் வளர்த்தெடுத்தார். 1778இல் அவர் சொன்ன முடிவு இன்றைக்கும் தோராயமாகச் செல்லும்: குண்டு ஒன்றேயாக இருக்கும்போது வேகம் மருந்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க மருந்தை நான்கு மடங்காக்க வேண்டும். அதிலும் ஒரு கட்டத்துக்கு மேல் அந்தக் கூடுதலும் நின்றுவிடும், ஏனென்றால் குண்டு குழலைவிட்டு வெளியேறிய பிறகு எரிகிற மருந்தால் குண்டுக்கு ஒரு பயனும் இல்லை. இதை அணில் தூரத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். 25 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டு நொடிக்கு 365 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் இலக்கை அடைவதற்குள் சுமார் 2.3 சென்டிமீட்டர் கீழே இறங்கும். மருந்தை ஒன்றரை மடங்காக்கி வேகத்தை 450 மீட்டராக உயர்த்தினால் இறக்கம் 1.5 சென்டிமீட்டர். காற்றின் தடையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது. ஆனாலும் விஷயம் விளங்கிவிடும். பாதி மருந்தைக் கூடுதலாகச் செலவழித்து, தோளில் கூடுதல் உதையும் வாங்கிக்கொண்டு, சம்பாதித்தது எட்டு மில்லிமீட்டர். அந்த எட்டு மில்லிமீட்டரையும் குறிமுள்ளைக் கொஞ்சம் அராவினால் இலவசமாகவே சரிக்கட்டிவிடலாம். காற்றுத் தடையைச் சேர்த்தால் கதை இன்னும் மோசம். ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தில் தடை திடீரென்று எகிறுகிறது என்று ராபின்ஸே கவனித்திருக்கிறார். உருண்டைக் குண்டு, அதுவும் மூன்று கிராம்கூட எடையில்லாத குண்டு, அந்த வரம்புக்கு மேலே வாங்கிய வேகத்தைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

சரி, அளவைக் கண்டுபிடிப்பது எப்படி? கீழிருந்து ஏறுவதுதான் ஒரே வழி. துப்பாக்கி செய்தவர் சொல்லியிருக்கும் வரம்பின் அடிமட்டத்தில் தொடங்கி, சின்னக் குழலுக்கு இரண்டு மூன்று கிரெயின் வீதம் கூட்டிக்கொண்டே போவது. ஒவ்வொரு அளவிலும் ஐந்து குண்டு, தாங்கியில் துப்பாக்கியை வைத்து, புதுக் காகிதத்தில். துளைகள் நெருங்கி வந்து பிறகு மறுபடி சிதறத் தொடங்கும் இடத்தைப் பார்த்தவுடன் நிறுத்திக்கொள்ளலாம். வரம்பின் உச்சி வரை ஏறிப் பார்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மருந்தையும் மாற்றி, குண்டைச் சுற்றும் எண்ணெய்த் துணியின் தடிப்பையும் மாற்றினால் எதனால் எது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. சுட்ட பிறகு முன்னால் விழுந்து கிடக்கும் அந்தத் துணியைப் பொறுக்கிப் பார்ப்பது பாதிப் பாடம்: ஓட்டை விழுந்து கருகியிருந்தால் துணி மெல்லியது அல்லது மருந்து அதிகம், ஓரம் கிழிந்திருந்தால் குழல் வாயோ திருகு வரியோ கூர்மையாக இருக்கிறது. மருந்தை எடை போட வேண்டியதில்லை. ஒரே அளவுக் குப்பியில் தலைதட்டி எடுத்தால் போதும், கரிமருந்து கொள்ளளவுக்கு நன்றாகவே கட்டுப்படும். ஆனால் மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டவே கூடாது. குழலுக்குள் ஒரு கங்கு மிச்சமிருந்தால் கொம்பே கையில் வெடித்துவிடும். கெட்டிக்கும் கம்பி வெளியே எத்தனை விரல் நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்து அளப்பதும் ஒரு முறைதான், ஆனால் அந்த விரல் கணக்கில் மருந்து, அடைப்பு, குண்டு மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அடைப்பு ஒரு விரல் மெலிந்துபோனால் மருந்து ஒரு விரல் குறைந்தது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கொட்டத் தோன்றும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, சோதிக்கிறவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது. 18 கிரெயினில் மூன்று துளை ஒட்டி விழுந்துவிட்டது, 20இல் சிதறிவிட்டது, ஆக 18தான் சரி என்று முடிவு கட்டிவிடுவார்கள். மூன்று குண்டு ஒரே இடத்தில் விழுவது தற்செயலாகவும் நடக்கும். வேறொரு நாள், வேறு காற்றில், அதே 18ஐ மறுபடி சுட்டும் துளைகள் ஒட்டியே விழுந்தால்தான் அது சான்று. நல்ல அளவு என்றால் அதற்கு ஒரு கிரெயின் முன்னேயும் பின்னேயும்கூடக் குழல் ஒழுங்காகவே சுடும். ஊசிமுனை போன்ற ஒரே ஓர் எண்ணில் மட்டும் நன்றாகச் சுடுகிறது என்றால் அந்த எண்ணைச் சந்தேகப்படுங்கள்.

மருந்தைக் குறைக்கச் சொல்லும்போது வழக்கமாக வரும் மறுப்புகளில் ஒன்று, பார்ப்பதற்கு அறிவியல்போலவே இருக்கும். குழல் வாய்க்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்துச் சுடுவார்கள். துணியில் கருப்புப் பொட்டுகள் விழும்வரை மருந்தைக் கூட்டலாம், விழுந்தால் மருந்து எரியாமல் வெளியே வருகிறது என்று பொருள், அதற்கு ஒரு படி கீழே இறங்கினால் அதுதான் சரியான அளவு என்பார்கள். ஆனால் கரிமருந்து எரிந்து முடிந்த பிறகும் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப் பொருளாகவே மிஞ்சுகிறது. புகையும் குழலுக்குள் படியும் கறையும் அதுதான். ஆக, கச்சிதமாக முழுக்க எரிந்த மருந்தும் வெள்ளைத் துணியைக் கருப்பாக்கும். அந்தச் சோதனை எதையும் சோதிப்பதில்லை. இந்தக் கறைதான் சின்னக் குழலின் உண்மையான எதிரி. எட்டு மில்லிமீட்டர் குழலில் ஒரு மெல்லிய படிவுகூட அடுத்த குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குண்டு மருந்தின்மேல் முழுசாக உட்காராமல் நடுவழியில் நின்றால் இடையில் காற்றிடைவெளி விழும். குழல் வீங்குவதும் வெடிப்பதும் அப்போதுதான். குறைந்த மருந்து, குறைந்த கறை, குண்டும் சுலபமாக இறங்கும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத் துணி ஒன்றை உள்ளே விட்டு எடுத்தால் ஐந்தாவது குண்டும் முதல் குண்டு போலவே போகும். ஐப்பசி மழையில் இந்தக் கறை ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் துருப்பிடிக்க வைத்துவிடும் என்பதால் அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவித் துடைத்து எண்ணெய் போடுவதைத் தள்ளிப்போடவும் முடியாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது, நேர்மையானதும்கூட. மருந்து குறைந்தால் குண்டு கொல்லாது, விலங்கு காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும், அது பாவமில்லையா? வேட்டை சட்டப்படி நடக்கும் நாட்டில் இது நிஜமான கேள்வி. ஹட்டனின் விதிப்படியே குண்டின் ஆற்றல் மருந்தோடு நேராகக் கூடத்தான் செய்கிறது. இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் எவ்வளவு ஆற்றல் தேவை என்று கேட்க வேண்டும். மூன்று கிராம் சுமார் குண்டு 365 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 190 ஜூல் அளவு. உலகம் முழுக்க அணிலுக்கும் முயலுக்கும் பயன்படுகிற பாயிண்ட் 22 தோட்டாவின் ஆற்றலும் இந்த அளவை ஒட்டியதுதான், சொல்லப்போனால் கொஞ்சம் குறைவு. அரைக் கிலோ விலங்குக்கு இதற்கு மேல் எதற்கு? காயத்தோடு ஓடவைப்பது பலம் குறைந்த குண்டு அல்ல, இடம் தப்பிய குண்டு. பலத்தைக் கூட்டி இடத்தைத் தவறவிடுகிறவன் காயப்படுத்தும் வாய்ப்பைத்தான் கூட்டுகிறான். கூடுதல் பலம் வேண்டும் என்று தோன்றினால் கூட்ட வேண்டியது மருந்தை அல்ல, குறைக்க வேண்டியது தூரத்தை.

‘திருகு வரிக் குழலின் கதையை எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள், எங்கள் ஊர்த் துப்பாக்கி வழுவழுக் குழல், அதில் போடுவது ரவை’ என்று கேட்கலாம். கேள்வி சரி. ஆனால் ரவையில் என் வாதம் இன்னும் கூர்மையாகிறது. ரவைக்கு மருந்தை அளவுக்கு மீறிக் கெட்டித்தால் வெடிவளி அடைப்பை ரவைக் கூட்டத்துக்குள்ளேயே தள்ளிவிடும். ரவை வளையம்போலப் பரவி நடுவில் ஓட்டை விழும். சத்தம் பெரிது, இலக்கில் நாலு ரவைதான். அதனால்தான் மருந்தும் ரவையும் ஒரே கொள்ளளவு என்பதைத் தொடக்கமாக வைத்து, அங்கிருந்து மருந்தைக் குறைத்துக்கொண்டு வருவது பழைய வழக்கம். மேலே சொன்ன காகிதச் சோதனை அப்படியே இதற்கும் பொருந்தும். துளைகளுக்கு இடையிலான தூரத்துக்குப் பதிலாக ஒரு வட்டத்துக்குள் விழுந்த ரவைகளை எண்ண வேண்டும், அவ்வளவுதான். இடையில் ஒன்று: ஈய ரவை ஏரிக்கரைக்கு உகந்ததே அல்ல. சேற்றில் கிடக்கும் ரவையைக் கல்லென்று விழுங்கும் நீர்ப்பறவை ஈய நஞ்சால் சாகும். வரித்தலை வாத்துகள் வந்து தங்கும் அரியலூர் கரைவெட்டி 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஏரி. அதைச் சுற்றிய வயல்களில் காகிதத்தைச் சுடுவதற்குக்கூட வேறு இடம் பார்ப்பதே மரியாதை. மக்காச்சோளக் காட்டில் இறங்கும் பன்றியைச் சிலர் நினைத்துக்கொள்வார்கள். அது வேறு விட்டம், வேறு குண்டு, வேறு கணக்கு. அதோடு 2025 ஜனவரியில் அரசு அறிவித்த ஏற்பாட்டிலும் காப்புக்காட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் பொறுப்பு வனத்துறைக்குத்தான், நமக்கில்லை. பன்றிக்கு ஆகட்டும் என்று சின்னக் குழலில் இரட்டை மருந்து கெட்டிக்கிறவர் முதலில் தன் கண்ணைத்தான் பணயம் வைக்கிறார்.

கடைசி மறுப்பு: வேட்டை தடை, துப்பாக்கி ஆபத்து, இதையெல்லாம் எழுதி என்ன ஆகப் போகிறது, பேசாமல் விட்டால் தானாக அழிந்துபோகாதா? துப்பாக்கிகள் அழியவில்லையே. உரிமத்தோடு இருக்கின்றன, அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகின்றன. கூடவே போக வேண்டிய மருந்தளவு அறிவுதான் வேட்டை நின்றதோடு நின்றுவிட்டது. எப்போதாவது ஒரு வெடி வைக்கிறவரிடம் அளவுக் குப்பி இருக்காது. போன வருஷம் கெட்டித்ததை மறந்து அதன்மேலேயே இன்னொரு முறை கெட்டிப்பார். கரிமருந்து கிடைக்காவிட்டால் திருவிழா வெடியைப் பிரித்துக் கொட்டவும் துணிவார். வாணவெடியில் இருப்பது பெரும்பாலும் அலுமினியத் தூள் சேர்ந்த வேறு சரக்கு. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த துப்பாக்கி மருந்தைப்போல அது நிதானமாக அழுத்தம் ஏற்றாது, ஒரே அடியில் குழலைப் பிளந்துவிடும். 2023 அக்டோபரில் அரியலூர் மாவட்டம் விரகாலூரில் நாட்டுவெடி ஆலை வெடித்துப் பல உயிர்கள் போன பிறகும் வெடிமருந்தைச் சாதாரணமாகக் கையாளும் பழக்கம் நம்மிடம் மாறியதாகத் தெரியவில்லை.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நாட்டுத் துப்பாக்கிகளில் பெரும்பகுதி காவல் நிலையங்களுக்கு வந்து சேரும் சமயம் அது. அப்போது ஆயுதப்படையின் துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் கெட்டிக்கும் கம்பியை உள்ளே விட்டு, வெற்றுக் குழலுக்கு எவ்வளவு ஆழம் என்று கம்பியிலேயே ஒரு கோடு இழுக்கலாம். கேப்பு மாட்டும் முனை தேய்ந்திருக்கிறதா, குழலில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கலாம். சுடத் தகுந்த குழலுக்கு மட்டும் ஓர் அளவுக் குப்பியைக் கொடுத்து, இதற்கு மேல் போகக் கூடாது என்று உரிமப் புத்தகத்திலேயே எழுதிக் கொடுக்கலாம். அந்தக் கோடு வரை கம்பி இறங்கவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கம்பியே சொல்லிவிடும்.